கம்ப்யூட்டர் கிட்டாருக்கும் கை வேண்டும்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்றதும் 'இன்றைய இளைஞன்', 'உழைப்பே உயர்வு' என்று நானும் நாலு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். எனக்கு இந்த வருஷம் நடந்ததையும், அதனால் மனசில் தோன்றியதையும் எழுதுவோம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். விஷயம் கிட்டார் பற்றியது. "மெக்கானிக்கல் பையனுக்குக் கிட்டார் எதுக்குடா?" என்று கேட்காதீர்கள். கடைசி வரை படியுங்கள். இது நம்ம ஒர்க்‌ஷாப் பற்றிய கட்டுரையும்தான்.

நம் ஆண்டு விழாவில் பாடுவதற்கு நம் மாணவர்களே இருக்கிறார்கள். தபேலாவுக்கும் கீபோர்டுக்கும் ஆள் உண்டு. கிட்டாருக்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு அண்ணனைக் கூப்பிடுவோம். மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசிப்பவர். ஒரு சாயங்காலத்துக்கு 1,500 ரூபாய். இந்த வருஷம் விழாக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அவரு எதுக்கு? நம்ம பையன் லேப்டாப்லயே கிட்டார் போடுறானே! காசு மிச்சம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவனே நான்தான். நாலு பேர் முன்னால் 'நம்ம பையன்' என்று சொன்னால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கம்ப்யூட்டரில் கிட்டார் சத்தம் வரவழைப்பது புதிய சங்கதி அல்ல. 1983-ல் கார்ப்ளஸ், ஸ்ட்ராங் என்ற இருவர் ஒரு வழியை வெளியிட்டார்கள். ஒரு சின்ன இரைச்சலைத் திரும்பத் திரும்பச் சுற்ற விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் பக்கத்து எண்களின் சராசரியை எடுத்தால், மீட்டிய கம்பி மாதிரியே சத்தம் எழும்பித் தேய்ந்து அடங்கும். அதே 1983-ல்தான் வெவ்வேறு கம்பெனி கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 'மிடி' என்ற பொது மொழியும் வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் விர்ச்சுவல் கிட்டார்கள் பெரும்பாலும் வேறு வகை. நிஜக் கிட்டாரின் ஒவ்வொரு கம்பியையும், ஒவ்வொரு கட்டையையும், மெதுவாகவும் பலமாகவும் மீட்டிப் பதிவு செய்து அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் எந்த ஸ்வரம் என்று சொன்னால் அந்தப் பதிவை எடுத்து ஒலிக்கும். எவ்வளவு பலம் என்பதை 1 முதல் 127 வரை ஒரு எண்ணால் சொல்ல வேண்டும். அதற்கு வெலாசிட்டி என்று பெயர்.

ஆக, சத்தம் நிஜமான சத்தம். அதில் குறையில்லை. நான் ஜி, டி, இ மைனர், சி என்று நாலு கார்டு போட்டேன். நிமிஷத்துக்கு 100 தாளம் வைத்தேன். பட்டனைத் தட்டினேன். கிட்டார் பாடியது! ராத்திரி பதினோரு மணி. சந்தோஷத்தில் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அப்பா எழுந்து வந்தார்.

என் அப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். முப்பது வருஷம் அரம் பிடித்த கை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் படம் போட்டார்கள். ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே அலிகாரிலிருந்து மெஷின் பூட்டு மலிவாக வந்து இறங்கி, பல பட்டறைகள் மூடிக்கொண்டன. அப்பாவின் பட்டறையும் அதில் ஒன்று. இப்போது அவர் ஒரு குடோனில் வாட்ச்மேன்.

"என்னப்பா இது, பவர் பிரஸ் ஓடுற மாதிரி இருக்கு?" என்றார்.

"கிட்டார்ப்பா."

"ஆளு அடிச்சா இப்படி வராதே. எல்லா அடியும் ஒரே அடியா இருக்கு. மனுஷன் கை போறப்ப ஒரு மாதிரி போகும், வர்றப்ப ஒரு மாதிரி வரும்."

அவ்வளவுதான் சொன்னார். போய்ப் படுத்துவிட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. வாழ்க்கையில் கிட்டாரைத் தொட்டே பார்க்காத மனுஷன், நான் மூன்று நாள் உட்கார்ந்தும் கண்டுபிடிக்காததை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்!

யோசித்துப் பாருங்கள். முதலாம் ஆண்டு ஃபிட்டிங் ஷாப்பில் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? வைஸில் பிளேட்டைப் பிடித்து அரம் போடும்போது முன்னால் தள்ளும்போதுதான் அழுத்தம். திரும்ப இழுக்கும்போது அழுத்தக் கூடாது, ஏனென்றால் அரத்தின் பல் முன்னோக்கித்தான் வெட்டும். இரண்டு பக்கமும் அழுத்தினால் பல் மழுங்கும், கையும் விட்டுப் போகும். கிட்டாரும் அதே கதைதான். கீழ் நோக்கி அடிக்கும்போது கையின் எடையும் சேர்ந்து இறங்குகிறது. மேலே திரும்பும்போது கை லேசாக வருகிறது. நான் போட்ட பாட்டில் கீழும் மேலும் எல்லா அடிக்கும் வெலாசிட்டி 100! அது கை அல்ல, பவர் பிரஸ்தான். அப்பா சரியாகத்தான் சொன்னார்.

மறுநாள் அந்தக் கிட்டார் அண்ணன் வீட்டுக்குப் போனேன். போவதற்கே வெட்கமாக இருந்தது. அவருடைய 1,500 ரூபாயைப் பறிக்கப் போகிறவன் நான். அது அவர் காதுக்கும் போயிருந்தது. "நீதானா அந்தப் பையன்?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ள வாடா" என்றார். கிட்டாரை எடுத்து வாசித்தார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். "டேய், காதால அப்புறம் கேக்கலாம். இப்ப கையைப் பாரு" என்றார்.

பார்த்தேன். நண்பனின் போனில் நொடிக்கு 240 படம் எடுக்கிற ஸ்லோ மோஷனில் பதிவும் செய்தேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு படமாக எண்ணினேன். அங்கேதான் நம்ம டிப்ளமோ படிப்பு கை கொடுத்தது. அதிலிருந்து நான் மாற்றிக்கொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன். உங்களில் யாராவது குறும்படத்துக்கோ பாட்டுக்கோ இந்த மென்பொருளைப் பயன்படுத்தினால் உதவும்.

முதலாவது, வேகம். ஆறு கம்பியும் ஒரே நேரத்தில் ஒலிப்பதில்லை. பிக் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகிறது. அண்ணனின் சாதாரண அடி 8 படம், அதாவது சுமார் 33 மில்லிசெகண்ட். பலமான அடி 5 படம், சுமார் 21. மெதுவான பாட்டுக்கு வருடுகிற மாதிரி அடித்தது 14 படம், சுமார் 58. என் மென்பொருளில் கம்பிகளுக்கு இடையிலான நேரத்தை நான் சும்மா விட்டிருந்தேன். மொத்த அடியும் 5 மில்லிசெகண்ட்! ஆறு கம்பியின் அகலம் சுமார் 5 சென்டிமீட்டர். தூரத்தை நேரத்தால் வகுங்கள். நொடிக்கு 10 மீட்டர், மணிக்கு 36 கிலோமீட்டர். மொபெட் ஓடுகிற வேகத்தில் ஒருவர் பாட்டு முழுக்க கையை ஆட்டிக்கொண்டிருக்க முடியுமா? 33-க்கு வைத்தால் நொடிக்கு ஒன்றரை மீட்டர். அது மனுஷக் கை. இன்னொன்றையும் கவனியுங்கள்: பலமாக அடித்தால் வேகம் கூடுகிறது. எனவே வெலாசிட்டி ஏறும்போது இந்த நேரம் குறைய வேண்டும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, எத்தனை கம்பி. மேல் அடியில் கை ஆறு கம்பியையும் தொடுவதே அபூர்வம். மெல்லிய கம்பிகளில் மூன்று, நாலைத் தொட்டுவிட்டு விலகிவிடுகிறது. அதனால் மேல் அடியை மூன்று நாலு கம்பியோடு நிறுத்தி, வெலாசிட்டியை 60-லிருந்து 75-க்குள் வைத்தேன். கீழ் அடி 90-ஐ ஒட்டி. முதல் தாளத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட. கார்டிலும் இதே கவனம் வேண்டும். ஜி கார்டு ஆறு கம்பி. சி ஐந்து கம்பி. டி நாலே கம்பி. கார்டு மாறும்போது சத்தத்தின் கனமும் மாறுவது இதனால்தான். கீபோர்டில் மூன்று விரலால் அமுக்குகிற கார்டை அப்படியே கிட்டார் சத்தத்தில் போட்டால், அது கிட்டார் சட்டை போட்ட கீபோர்டு. அவ்வளவுதான்.

மூன்றாவது, நிற்காத கை. இதுதான் என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்தியது. அண்ணனின் கை கடிகாரத்தின் ஊசல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது. கம்பியில் படாத நேரத்திலும் ஆடுகிறது. கீழ், கீழ் மேல், மேல் கீழ் மேல் என்பது எல்லோரும் வாசிக்கிற ஒரு நடை. அதில் மூன்றாவது தாளத்தில் சத்தமே கிடையாது. ஆனால் கை கீழே போய்விட்டுத்தான் வருகிறது. அதனால்தான் அடுத்த சத்தம் மேல் அடியாக வருகிறது. நான் முன்பு அந்த இடத்தில் கீழ் அடி போட்டிருந்தேன். கேட்பவருக்குக் காரணம் தெரியாது. ஆனால் 'ஏதோ சரியில்லை' என்று மட்டும் தெரியும். எந்த அடி கீழ், எது மேல் என்று முதலில் தாளில் எழுதிக்கொண்டு பிறகு மென்பொருளுக்குப் போங்கள்.

நாலாவது, தாளத்தில் எங்கே விழுகிறது என்பது. அடிக்கு 33 மில்லிசெகண்ட் கொடுத்ததும் பாட்டு பின்னால் இழுக்கிற மாதிரி இருந்தது. முதல் கம்பி தாளத்தில் சரியாக விழுகிறது. கடைசிக் கம்பி தாமதமாக வருகிறது. அண்ணன் கேட்டுவிட்டு, "நான் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே கையை விட்டுருவேன்டா" என்றார். அடியின் நடுப்பகுதி தாளத்தில் விழுகிற மாதிரி எல்லாவற்றையும் 15 மில்லிசெகண்ட் முன்னால் தள்ளினேன். சரியாக உட்கார்ந்தது.

ஐந்தாவது, 'ஹியூமனைஸ்'. மனுஷத்தன்மையைச் சேர்க்கும் பட்டன் என்று அர்த்தம். அதைத் திருகினால் நேரத்தையும் பலத்தையும் கம்ப்யூட்டரே கொஞ்சம் கொஞ்சம் கலைத்துப் போடும். ஆஹா, பிரச்சினை தீர்ந்தது என்று நானும் கடைசி வரை திருகினேன். பாட்டு தண்ணி போட்டுவிட்டு வாசித்த மாதிரி ஆகிவிட்டது! நண்பர்களே, மெட்ராலஜி பாடத்தில் டாலரன்ஸ் படித்தோமே. டாலரன்ஸ் என்பது தப்பு செய்ய லைசென்ஸ் அல்ல. நல்ல ஃபிட்டர் சரியான அளவைக் குறி வைக்கிறான். கை கொஞ்சம் விலகுகிறது. அந்த விலகலிலும் ஓர் ஒழுங்கு இருக்கும். அண்ணன் கடினமான கார்டுக்குப் போகும்போது கொஞ்சம் முந்தி விரலை எடுக்கிறார். சரணம் தொடங்கும்போது பலமாக அடிக்கிறார். பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் அடக்கி வாசிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பகடை உருட்டினால் இது வராது. நான் பட்டனைப் பத்தில் ஒரு பங்குக்கு இறக்கிவிட்டு, மீதியை ஒவ்வொரு அடியாக நானே மாற்றினேன். இரண்டு ராத்திரி ஆனது.

விரல் கம்பியில் வழுக்கும் 'கிறீச்' சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று அதை எல்லாக் கார்டுக்கும் நடுவில் போடாதீர்கள். சுற்றுக் கம்பியில் விரலை எடுக்காமல் நகர்த்தும்போதுதான் அது வரும். ஊறுகாய் அளவு போதும்.

இதையெல்லாம் செய்த பிறகு அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டார். "இப்ப யாரோ ஒரு ஆளு உக்காந்திருக்கான்" என்றார். யார் அந்த ஆள்? எனக்குத் தெரியும். அந்த அண்ணன்தான். வேகம் அவருடையது. மேல் அடியின் மென்மை அவருடையது. சரணத்துக்கு முன் அடக்குவது அவருடையது. மென்பொருளில் கிடைத்தது சத்தம் மட்டும். கை அவரிடமிருந்து வந்தது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

'மெஷின் வேண்டாம்' என்று நான் சொல்லவில்லை. மெக்கானிக்கல் படிக்கிறவன் அப்படிச் சொன்னால் என் டிப்ளமோவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். கிட்டார் வாங்க வசதியில்லாத எனக்கு இசையின் வாசலைத் திறந்து விட்டதே இந்த மென்பொருள்தான். இலவசமாகக் கிடைத்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'மெஷின் இருக்கிறது, இனி ஆள் வேண்டாம்' என்பது அரைகுறைப் பேச்சு. மெஷினில் எந்தக் குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவன் அந்த ஆள்தான். அவரை அனுப்பிவிட்டால் அடுத்த வருஷம் யாரிடம் போய்க் கேட்பது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். திரைச் சுரைக்காய் மட்டும் உதவுமா?

அப்பாவின் பட்டறை மூடியபோது எனக்கு வயது ஏழு. அவருடைய கைக்குத் தெரிந்ததை யாரும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவில்லை. லீவரை எவ்வளவு ராவினால் சாவி வழுக்காமல் திரும்பும் என்பது அவர் விரலில் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. இன்று அந்தக் கை குடோன் வாசலில் டார்ச் லைட் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாளை நாம் கம்பெனியில் சி.என்.சி. மெஷின் முன்னால் நிற்போம். பக்கத்தில் படிக்காத ஒரு பெரியவர் லேத்தில் நின்றுகொண்டிருப்பார். அவரிடம் போய் "ஐயா, உங்க கையைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்கிற டிப்ளமோக்காரனாக இருக்கப் போகிறோமா, இல்லை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கைதட்டு வாங்குகிற டிப்ளமோக்காரனாக இருக்கப் போகிறோமா? கைதட்டு வாங்கிய அன்று நான் இரண்டாவது ஆளாகத்தான் இருந்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, பேரவை அறையில் ஒரு பழைய கிட்டாராவது வாங்கி வைக்க வேண்டும். மென்பொருளில் கிட்டார் போடுகிறவன் ஒரு மாதமாவது அதைப் பிடித்து விரல் காய்க்கட்டும். இரண்டு, கம்ப்யூட்டரில் செய்த பாட்டை மேடையில் போட்டால் 'இது கம்ப்யூட்டரில் செய்தது, கை காட்டியவர் இன்னார்' என்று அறிவிக்க வேண்டும். மூன்று, இதுதான் முக்கியம். நான் மறுபடியும் கூட்டத்தில் பேசி, இரண்டு பாட்டுக்கு அண்ணனே நேரில் வாசிப்பது, இரண்டு பாட்டுக்கு என்னுடைய பதிவு என்று முடிவாகியிருக்கிறது. சந்தோஷம். ஆனால் 'பாதிப் பாட்டுதானே, 750 ரூபாய் போதும்' என்று ஒரு பேச்சு ஓடுகிறது. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் வரை அது முடிவாகவில்லை. நண்பர்களே, மீதி இரண்டு பாட்டிலும் கேட்கப் போவது அவருடைய கைதான். நான் தட்டியது பட்டன். முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

விழா அன்று நாலு பாட்டையும் கேளுங்கள். என் பதிவில் எந்த இடத்திலாவது பவர் பிரஸ் சத்தம் கேட்டால் தயங்காமல் வந்து சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன். முதல் வரிசையில் அரைக்கை வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், அன்று நைட் டூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார். அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கே தப்பு என்று அவர் சரியாகச் சொல்வார்.